சாவு குறைந்ததால் பெருத்த தீவு: இலங்கையின் 150 ஆண்டுச் சனத்தொகைக் கணக்கு

சனத்தொகை என்று வாயைத் திறந்தாலே பேச்சு பிள்ளைப்பேற்றுக்குப் போய்விடும். "அவர்கள் நாலைந்து பெறுகிறார்கள், நாங்கள் ஒன்றோடு நிறுத்திவிடுகிறோம், இப்படியே போனால் இன்னும் ஐம்பது வருசத்தில் பாருங்கள்" என்பார்கள். இலங்கையில் எல்லா இனத்தவரும் இதைச் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் அந்த "அவர்கள்" மட்டும் மாறும்.

ஒரு நாட்டின் தலைக்கணக்கை மாற்றக்கூடியவை மூன்றுதான்: பிறப்பு, இறப்பு, ஆட்கள் வருவதும் போவதும். எல்லை காட்டிலும் மலையிலும் ஓடுகிற நாடுகளில் மூன்றாவதைப் பிடிப்பது கடினம். தீவில் அது துறைமுகத்தில் பதிவாகிவிடும். அதனால் இலங்கையின் சனத்தொகைக் கதை, உலகத்தில் எங்கும் மனிதக் கூட்டம் எப்படிப் பெருகுகிறது, பரவுகிறது, மாறுகிறது என்பதற்கு நல்ல பாடம். 1871 இல் நடந்த முதல் குடிசன மதிப்பீட்டில் தீவில் இருந்தவர்கள் 24 இலட்சம். 2024 இல் 2 கோடியே 17 இலட்சம். ஒன்பது மடங்கு. இந்த ஒன்பது மடங்கைக் கொண்டுவந்ததில் பிள்ளைப்பேறு முன்னால் நின்றதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கை முதலில் அசைத்தவை சாவும் பயணமும்தான். பிறப்பு பின்னால் வந்து தன்னைச் சரிசெய்துகொண்டது.

முதல் கட்டம் பயணம். 1830களிலிருந்து மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் வந்தன. திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சனம் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே போனது. வழியில் விழுந்தவர்களின் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. கோப்பி அறுவடை சில மாத வேலை. எனவே வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஓய்ந்து தேயிலை மேலே வந்தது. தேயிலைக் கொழுந்து வருசம் முழுவதும் துளிர்க்கும். அதைக் கிள்ளப் பெண்களின் கை வேண்டும் என்று தோட்டத்துரைமார் முடிவுகட்டினார்கள். கங்காணிமார் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தார்கள், லயங்கள் என்ற வரிசை வீடுகள் எழுந்தன, லயத்திலேயே பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு பயிர் போய் இன்னொரு பயிர் வந்ததில், வந்துபோன கூலிகள் குடியிருக்கிற சமூகமாக ஆனார்கள்.

எண்ணிக்கையிலும் இது சின்ன விசயமல்ல. 1871 முதல் 1881 வரையும், 1891 முதல் 1901 வரையும் தீவின் சனத்தொகை வளர்ச்சியில் பாதிக்கும் மேல் இப்படி வந்தவர்களால் ஏற்பட்டது. 1911 இல் இந்தியத் தமிழர் (இன்றைய மலையகத் தமிழர்) என்று பதிவானவர்கள் இலங்கைத் தமிழர் என்று பதிவானவர்களை மிக இலேசாக முந்தியிருந்தார்கள். இரு தரப்பும் ஐந்து இலட்சத்துச் சொச்சம்.

இரண்டாவது கட்டம் சாவு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மகாவலி, தெதுறு ஓயா, மா ஓயா எல்லாம் வற்றி, பாறை இடுக்குகளில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு ஓடுகிற தண்ணீர் ஆகாது, இப்படித் தெளிந்து தேங்கிய தண்ணீர்தான் வேண்டும். கேகாலை, குருநாகல் பகுதிகள் வழக்கமாக மலேரியா குறைந்த ஈரப்பாங்கான இடங்கள். அதனாலேயே அங்கிருந்தவர்களின் உடம்பில் நோயைத் தாங்கும் பழக்கம் இல்லை. 1934 ஒக்டோபரிலிருந்து ஆறேழு மாதத்தில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். அப்போது தீவில் மொத்தமே 55 இலட்சம் பேர் அளவில்தான். 1935 இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. நான்கில் ஒன்றுக்கும் மேல். நிவாரணத்துக்கு ஓடிய இளைஞர்களில் சிலர் 1935 கடைசியில் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள் என்பது பக்கத்தில் எழுதிவைக்க வேண்டிய குறிப்பு.

பத்து ஆண்டு கழித்து நிலைமை தலைகீழானது. 1946 இல் வீடு வீடாக டி.டி.டி. என்ற நுளம்பு மருந்தைத் தெளிக்கத் தொடங்கினார்கள். அந்த வருசம் ஆயிரம் பேருக்கு 20 சாவு. அடுத்த வருசம் 14. ஒரே வருசத்தில் இப்படி ஒரு வீழ்ச்சி, போரோ பஞ்சமோ முடிந்த இடங்களைத் தவிர வேறெங்கும் அதுவரை கண்டதில்லை. சனத்தொகையியல் பாடநூல்களில் இலங்கை இடம்பிடித்தது இதனால்தான்.

ஆனால் அந்தப் பாடநூல்கள் சில டி.டி.டி.க்குக் கொடுத்த பெருமை கொஞ்சம் அதிகம். மலேரியா அவ்வளவாக இல்லாத மாவட்டங்களிலும் அதே காலத்தில் சாவு குறைந்தது. அங்கே மருந்து தெளித்தால் என்ன, தெளிக்காவிட்டால் என்ன? உண்மையில் பல காரியங்கள் ஒன்றாகக் கூடின. களுத்துறையில் 1926 இலேயே ஒரு சுகாதார அலகு தொடங்கி, மருத்துவமாதுகள் வீட்டுக்கே போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் முறை பரவிவந்தது. 1931 இல் ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்துவிட்டதால் கிராமத்துக்கு வைத்தியசாலை கட்டாத அரசியல்வாதி அடுத்த தேர்தலைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் வந்த அரிசிப் பங்கீடு, ஏழை வீட்டு அடுப்பையும் எரியவைத்தது. 1945 இல் இலவசக் கல்வி. இவ்வளவும் போட்ட அடித்தளத்தில்தான் டி.டி.டி. வந்து விழுந்தது. என்னைக் கேட்டால், நுளம்பு மருந்தை விட வாக்குச்சீட்டுக்குத்தான் பெரிய பங்கு கொடுப்பேன். மலேரியா 1960களின் இறுதியில் திரும்பவும் வந்தது. 1963 இல் வெறும் 17 நோயாளிகள் என்று இருந்தது 1969 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் சாவு பழையபடி ஏறவில்லை. வைத்தியசாலையும் மருந்தும் பக்கத்திலேயே இருந்தன. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது.

இதில் பெண்களின் கதை தனி. 1946 இல் பிறந்த ஆண்பிள்ளைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் ஏறத்தாழ 44 வருசம், பெண்பிள்ளைக்கு 42. உலகில் பெரும்பாலான இடங்களில் பெண்கள்தான் கூடுதலாக வாழ்வார்கள். இங்கே பிரசவம் அவர்களைக் கொண்டுபோனது. 1 இலட்சம் பிறப்புக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் செத்துக்கொண்டிருந்த காலம் அது. 1960களின் தொடக்கத்தில்தான் பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளைத் தொட்டது, அப்புறம் தாண்டிப் போனது. 1946 இல் 100 பெண்களுக்கு 113 ஆண்கள் இருந்தார்கள். 2012 இல் 100 பெண்களுக்கு 94 ஆண்கள்தான்.

சாவு குறைந்தது, பிறப்பு அப்படியே இருந்தது. 1946க்கும் 1953க்கும் நடுவில் சனத்தொகை ஆண்டுக்கு 2.8 வீதம் ஏறியது. அதற்கு முன்னும் பின்னும் அந்த வேகம் இல்லை. 1946 இல் 66 இலட்சம் பேர், 1971 இல் 1 கோடியே 27 இலட்சம். இருபத்தைந்து வருசத்தில் இரட்டிப்பு. யாரும் முன்னைவிடக் கூடுதலாகப் பெறவில்லை. பெற்றதெல்லாம் தங்கியது. வங்கிப் புத்தகத்தில் வரவு கூடாமலே செலவு குறைந்தால் மீதி ஏறுவதுபோல.

சரி, இந்தப் பிள்ளைகள் வளர்ந்ததும் என்ன ஆனது?

1947 இல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1967 இல் அவளுக்கு இருபது வயது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைக்கு நாலைந்து வயது கூட இருக்க வேண்டும், அதாவது 1942 வாக்கில் பிறந்தவன். ஆனால் 1942 இல் பிறந்த குழந்தைகளும் குறைவு, அவர்களில் பிழைத்தவர்கள் இன்னும் குறைவு. 1947 இலும் அதற்குப் பிறகும் பிறந்த பெண்களோ வரிசையில் நிற்கிறார்கள். ஆக, மாப்பிள்ளைப் பஞ்சம். இருக்கிற மாப்பிள்ளைக்கும் வேலை இல்லை. பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள், படிப்பை முடிக்கட்டும் என்று வீட்டில் தள்ளிப்போடுகிறார்கள். சீதனக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. 1901 இல் பெண்ணின் சராசரித் திருமண வயது 18. 1946 இல் 21 க்குக் கிட்ட. 1971 இல் இருபத்து மூன்றரை. 1990களில் 25ஐத் தாண்டிவிட்டது.

1960களில் இலங்கையில் பிறப்பு வீதம் விழுந்ததில் பாதிக்கும் மேல் இந்தத் தாமதத் திருமணத்தால் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு அமைப்பு 1953 இலேயே தொடங்கிவிட்டது, அரசு அதை 1965 இல் கையில் எடுத்தது. அவற்றுக்கும் பங்கு உண்டு, பிறகு நிறையவே உண்டு. ஆனால் முதல் இறக்கத்தைக் கொடுத்தது மாத்திரையை விடப் பள்ளிக்கூடம்தான். 1953 இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5.3 பிள்ளைகள். 1971 இல் 4.2. 1990களில் இரண்டுக்கு வந்துவிட்டது. சீனாவைப்போல் ஒற்றைப் பிள்ளைச் சட்டம் இல்லை, இந்தியாவின் நெருக்கடி நிலைக் காலத்தைப்போல் ஆண்களைப் பிடித்துப்போய் அறுவை செய்த கொடுமையும் இல்லை. சீனாவிலேயே கூட, 1970 இல் ஆறுக்குக் கிட்ட இருந்த பிள்ளை எண்ணிக்கை, 1980 இல் அந்தச் சட்டம் முழுமையாக வருவதற்கு முன்பே மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. சட்டத்தின் வலிமையை நம்புகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அதே தலைமுறையின் ஆண்களுக்கு வேறு கதை. 1971 ஏப்ரலில் தெற்கில் மக்கள் விடுதலை முன்னணி ஆயுதம் தூக்கியபோது, அதில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். இலவசக் கல்வியில் படித்தவர்கள், உத்தியோகம் கிடைக்காதவர்கள். நாட்டின் பொருளாதாரம் 1930களின் சிறிய தலைமுறைக்கு அளவெடுத்துத் தைத்தது. அதில் 1940களின் பெரிய தலைமுறை நுழைய முடியவில்லை. வடக்கில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், அதாவது தமிழ் மாணவர்களுக்குக் கூடிய புள்ளி கேட்ட முறை, வந்ததும் ஏறத்தாழ இதே நேரம். தெற்கின் கிளர்ச்சிக்கும் பின்னர் வடக்கில் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய கிளர்ச்சிக்கும் சனத்தொகை மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் காரணங்களைத் தூக்கி நடந்த கால்கள் அந்தப் பிள்ளைகளுடையவை.

இனிப் பரவல். மலேரியா அடங்கியதில் இன்னொன்றும் நடந்தது. வடமத்திய, கிழக்குப் பகுதிகளின் உலர் வலயம் பல நூறு ஆண்டுகளாக ஆளரவம் குறைந்து கிடந்தது. பழைய குளங்கள் உடைந்து, நுளம்பு ஆண்ட நிலம். 1930களில் மின்னேரியாவில் தொடங்கிய குடியேற்றம், 1949 இல் கல்லோயாத் திட்டம், 1970களின் இறுதியில் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் என்று வளர்ந்தது. நெருக்கமான தென்மேற்கிலிருந்து ஏழை விவசாயிகளைக் கொண்டுவந்து நிலமும் வாய்க்கால் தண்ணீரும் கொடுத்தார்கள். பட்டினிக்கு அது மருந்து என்பதை மறுக்க முடியாது. கிழக்கில் இனக் கணக்கை அது மாற்றியதையும் மறுக்க முடியாது. திருகோணமலையில் 1921 இல் சிங்களவர் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, 1981 இல் மூன்றில் ஒரு பங்கு. பிள்ளை பெற்று அறுபது வருசத்தில் எந்தச் சமூகமும் இப்படி ஏறாது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. குளம் வெட்டினால் தொகுதி வரைபடமும் மாறும்.

மலைநாட்டில் பயணம் எதிர்த்திசைக்குத் திரும்பியது. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். பத்து வருசம் கழித்து அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எவரிடமும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்தார் "ஒப்பாரிக் கோச்சி" என்றார்கள். பெட்டிக்குள்ளும் அழுகை, மேடையிலும் அழுகை. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியவர்களுக்கென்றே தமிழக அரசு 1968 இல் தேயிலைத் தோட்டம் போட்டது. மூன்று தலைமுறைக்கு முன் கொழுந்து கிள்ளப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், திரும்பி வந்தும் கொழுந்தே கிள்ளினார்கள்.

1971 இல் 11 இலட்சத்து 75 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981 இல் 8 இலட்சத்து 19 ஆயிரம். எல்லாரும் கப்பல் ஏறிவிடவில்லை. ஒரு பகுதியினர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டார்கள். இனக்கலவரங்களுக்குப் பயந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கியவர்கள் பலர். நாடற்றவன் என்ற பட்டத்தோடு வாழ்ந்தவன், குடிசன மதிப்பீட்டு உத்தியோகத்தர் வாசலில் வந்து "நீ யார்?" என்று கேட்டால் பாதுகாப்பான பதிலைத்தான் சொல்வான். ஆகவே இனக் கணக்கு என்பதில் எப்போதும் கொஞ்சம் பயமும் கலந்திருக்கும். 2024 கணக்கில் மலையகத் தமிழர் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. 1911 இல் அவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. யாழ்ப்பாணத்தார் வெளியே போவது புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலாயாவின் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பேனா பிடித்தவர்கள் அவர்கள். ஆனால் அது சம்பாதிக்கப் போன பயணம். 1983 இல் போர் தொடங்கிய பிறகு நடந்தது வேறு. 1981 இல் இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் ஏறத்தாழ 7,38,000 பேர் இருந்தார்கள். 1991 இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001 இல் வடக்கு கிழக்கில் முழுதாக எடுக்க முடியவில்லை. இடையில் 1990 இல் வடக்கு முஸ்லிம்கள், ஏறத்தாழ எழுபதாயிரம் பேர், விடுதலைப் புலிகளால் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுத்த முழுக் கணக்கு 2012 இல்தான். அப்போது 5,83,000.

முழு நாட்டின் சனத்தொகை அந்த 31 வருசத்தில் 37 வீதம் கூடியது. யாழ்ப்பாணமும் அதே வேகத்தில் வளர்ந்திருந்தால் 2012 இல் 10 இலட்சம் பேர் இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போன நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எங்கே? ஒரு பகுதி மண்ணுக்குள். ஒரு பகுதி வன்னியிலும் கொழும்பிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும். ஒரு பெரிய பகுதி டொராண்டோ, இலண்டன், பாரிஸ், ஸூரிச். இன்னொரு பகுதி பிறக்கவே இல்லை, ஏனென்றால் பெற வேண்டியவர்கள் வேறு நாட்டில் பெற்றார்கள். போகிறவர்கள் இளவயதினர் என்பதால் ஒருவர் போனால் ஒருவர் மட்டும் குறைவதில்லை.

இதற்கு விலை பாராளுமன்றத்திலும் உண்டு. ஆசனங்கள் வாக்காளர் பதிவைப் பார்த்துப் பிரிக்கப்படுகின்றன. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனம், 2015 இல் 7, 2024 இல் 6. மேடையில் பிறப்பு வீதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 9, 7, 6 ஐப் பற்றிப் பேசக் கண்டதில்லை.

இப்போது முழு நாடும் மெல்ல அந்தப் பாதைக்கு வருகிறது. 2012க்கும் 2024க்கும் இடையில் ஆண்டு வளர்ச்சி வெறும் 0.5 வீதம். குடிசன மதிப்பீடு தொடங்கியதிலிருந்து இவ்வளவு குறைந்தது இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஆண்டுக்கு மூன்று இலட்சம் அளவில் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறார்கள். முன்பு மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்கள் என்று இருந்த வரிசையில் இப்போது தாதியரும் பொறியியலாளரும் நிற்கிறார்கள். பலர் ஒப்பந்தம் முடிந்து திரும்புவார்கள் என்பது உண்மைதான். குடும்பத்தோடு போகிறவர்கள் திரும்புவது அரிது.

65 வயதைத் தாண்டியவர்கள் 2012 இல் நூற்றுக்கு எட்டுப் பேர். 2024 இல் பன்னிரண்டுக்கும் மேல். இந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, பிள்ளைகள் குறைந்ததால் வந்தது. மறுபகுதி 1940களின் இறுதியில் சாகாமல் தப்பிய அந்தப் பெரிய தலைமுறைதான். பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் நெருக்கியவர்கள், வேலைச் சந்தையை நெருக்கியவர்கள், இப்போது மருத்துவச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னால் இலக்கம் எடுத்துக் காத்திருக்கிறார்கள். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. தனியாரில் வேலை செய்தவர்களுக்கு 1958 இல் வந்த ஊழியர் சேமலாப நிதி. அது ஓய்வுபெறும்போது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு முடிந்துவிடும். மாதாமாதம் வராது. தோட்டத்திலும் வயலிலும் கடலிலும் உழைத்தவர்களில் பலருக்குப் பிள்ளைகள்தான் ஓய்வூதியம். கணவனை விட ஆறேழு வருசம் கூடுதலாக வாழப்போகிற பெண்களுக்கு இது இன்னும் இறுக்கம். அவர்களின் தலைமுறை பெரும்பாலும் சம்பள வேலையே பார்த்ததில்லை.

பிள்ளைகளைக் கூடப் பெறச் சொன்னால் தீருமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தென்கொரியா கோடி கோடியாகக் கொட்டிப் பார்த்தது. 2023 இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளை. இலங்கையின் பதிவேட்டிலும் அரசு சொல்லிப் பிறப்பு கூடியதாக ஒரு பத்தாண்டைக்கூடக் காட்ட முடியாது. அரசு சொல்லிச் சாவு குறைந்த பத்தாண்டு உண்டு, அரசு சொல்லி ஆட்கள் இடம்மாறிய பத்தாண்டுகள் நிறைய உண்டு. அடுத்த குடிசன மதிப்பீட்டுக்குள் கணக்கை அசைக்கப்போவதும் அதே இரண்டுதான்: வயோதிபர் பராமரிப்புக்கு ஒதுக்கும் பணம் ஒன்று, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் திரும்பி இறங்குகிறார்கள் என்பது மற்றது.